ஒலிம்பிக் பதக்க மறுபங்கீட்டுச் சேவை: பறிப்பதில் கெட்டி, கொடுப்பதில் இன்னும் தேற வேண்டும்

ஊக்கமருந்தில் பிடிபட்டவரிடமிருந்து பதக்கத்தைப் பறித்து, அவருக்குப் பின்னால் வந்தவரிடம் சேர்ப்பதும் ஒரு சேவைதான். நியாயமாக ஓடி, எறிந்து, தூக்கி, இரண்டாவதாகவோ நான்காவதாகவோ வீடு திரும்பியவர்தான் அதன் பயனாளி. பிடிபட்டவரைப் பற்றிய செய்தி இரண்டு நாள் ஓடி நின்றுவிடும். பயனாளியின் காத்திருப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நடத்தும் இந்தச் சேவையை அவர் பக்கம் நின்று பார்த்து எழுதியது இந்த மதிப்புரை.

கண்டுபிடிக்கும் வேலைக்குத் தயங்காமல் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். வீரர் குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுக்க வேண்டும். அதில் 60 மில்லியாவது ஏ பாட்டிலுக்கும் 30 மில்லியாவது பி பாட்டிலுக்கும் போகும். போட்டி முடிந்தபின் அந்த மாதிரியை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். முன்பு 8 ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். 2015 முதல் நடைமுறைக்கு வந்த விதியில் அது 10 ஆண்டு. சோதனை முறை மேம்பட்டதும் பழைய மாதிரியை எடுத்து மறுபடியும் சோதிக்கலாம். பெய்ஜிங் 2008, லண்டன் 2012 மாதிரிகளில் நடந்தது இதுதான். ஓரல் டுரினபால், ஸ்டானோசலோல் ஆகிய இரண்டு ஸ்டீராய்டுகளும் உடலில் சிதைந்த பிறகு நீண்ட நாள் தங்கும் துணைப்பொருட்களைக் கண்டறியும் முறை வந்ததும், சில நாட்களில் மறைந்துவிடும் என்று நம்பி மருந்தை நிறுத்திய பலர் மாட்டிக்கொண்டார்கள். லண்டன் மாதிரிகளில் 2,727 மறுசோதனைக்குப் போயின. 73 விதிமீறல்கள் உறுதியாகி, 31 பதக்கங்கள் பறிக்கப்பட்டு, 46 பதக்கங்கள் மறுபங்கீடு ஆயின. பறித்தது 31, பங்கிட்டது 46 என்ற கணக்கில் பிழை இல்லை. ஒருவருடைய தங்கம் போனால் வெள்ளிக்காரருக்குத் தங்கம், வெண்கலக்காரருக்கு வெள்ளி, நான்காமவருக்கு வெண்கலம் என்று மூன்று பதக்கங்கள் நகரும்.

எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதற்கு லண்டனில் நடந்த ஆண்கள் 94 கிலோ பளுதூக்குதலைப் பாருங்கள். கஜகஸ்தானின் இல்யா இலின் மொத்தம் 418 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். வெள்ளி ரஷ்யாவின் இவானோவுக்கு, வெண்கலம் மால்டோவாவின் சிரிகுவுக்கு. மறுசோதனையில் மூவருமே தகுதிநீக்கம் ஆனார்கள். நான்காவதாக வந்த ரஷ்யரும் போனார். 402 கிலோ தூக்கி ஐந்தாவதாக வந்த ஈரானின் சயீத் முகமதுபூர் தங்கத்துக்கு ஏறினார். ஆறாமவரும் ஏழாமவரும் கழிந்து, எட்டாவதாக வந்த தென் கொரியாவின் கிம் மின்-ஜே வெள்ளிக்கும், ஒன்பதாவதாக வந்த போலந்தின் தோமாஷ் ஜெலின்ஸ்கி வெண்கலத்துக்கும் வந்தார்கள். அந்த ஜெலின்ஸ்கியோ 2016ல் ரியோவுக்குப் போன இடத்தில் நான்ட்ரோலோன் சோதனையில் பிடிபட்டு, போட்டியிடாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். லண்டனில் அவர் கொடுத்த மாதிரியில் எதுவும் கிடைக்காததால் லண்டன் வெண்கலம் அவருக்குத்தான் சேரும். விதி அப்படித்தான் சொல்கிறது, அது சரியும்கூட: தண்டனை மாதிரி எடுத்த தேதியிலிருந்து முன்னோக்கித்தான் நகர வேண்டும்.

அந்தத் தேதிக் கணக்கைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஓர் உதாரணம் தெரிந்திருக்கும். திருச்சியைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற தங்கம் ரத்தானது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் ஓடிய எல்லா முடிவுகளையும் நீக்கினார்கள். தோஹா ஓட்டம் அந்த இடைவெளிக்குள் விழுந்தது. பதக்கம் வென்ற நாளில் எடுத்த மாதிரியை மட்டும் பார்ப்பதில்லை. முதல் தவறான மாதிரி எந்தத் தேதியோ, அதிலிருந்து தற்காலிகத் தடை வரும் நாள் வரை எல்லாம் அழியும்.

வேகத்துக்கு மூன்று மதிப்பெண்தான். இந்தச் சேவையில் மனசு நோகும் இடம் அதுதான். முதலில் ஏ மாதிரி முடிவு. பிறகு வீரர் கேட்டால் பி பாட்டிலை அவர் அல்லது அவர் பிரதிநிதி முன்னிலையில் திறந்து சோதிப்பார்கள். அடுத்து விசாரணைக் குழு. அதன் தீர்ப்பை எதிர்த்து லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு 21 நாளுக்குள் போகலாம். அங்கும் தோற்றால் சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் நடைமுறைக் குறைகளைக் காட்டி ஒரு மனு போடலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த விளையாட்டின் சர்வதேச சம்மேளனம் தரவரிசையைத் திருத்தும். அதன்பின் ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு கூடி மறுபங்கீட்டுக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை வேண்டும். கொடுத்த பதக்கத்தை இரண்டாவது முறை பிடுங்கும் நிலையும் வரக் கூடாது. ஆனால் கட்டங்களுக்கு நடுவே கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று அடுத்த இடத்தில் நிற்பவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவர் வழக்கில் ஒரு தரப்பே கிடையாது என்பதால் அவருக்குக் கடிதம் போட வேண்டிய கடமை பல கட்டங்களில் யாருக்கும் இல்லை.

போட்டி நடக்கும்போதே பிடிபட்டால் வேலை சுளுவாக முடியும். லண்டன் பெண்கள் குண்டு எறிதலில் பெலாரஸின் நட்சேயா ஒஸ்தாப்சுக் மெட்டெனோலோனில் பிடிபட்டு 2012 ஆகஸ்ட் 13ல் தங்கத்தை இழந்தார். நியூசிலாந்தின் வேலரி ஆடம்ஸ் செப்டம்பரிலேயே ஆக்லாந்தில், சொந்த மக்கள் முன்னால், தங்கத்தை வாங்கிவிட்டார். மனது வைத்தால் ஐந்து வாரத்தில் முடியும் வேலை என்பதற்கு அதுவே சான்று. மறுசோதனை, உயிரியல் கடவுச்சீட்டு (வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிந்து மாற்றங்களைக் கண்காணிக்கும் பதிவேடு), கசிந்த தரவு என்று வழக்கு தாமதமாகத் தொடங்கினால் ஆண்டுகள் ஓடிவிடும்.

தேசிய அமைப்பின் கையில் முதல் தீர்ப்பை விடுவதில்தான் அதிகம் கோளாறு நடக்கிறது. லண்டன் 50 கிலோமீட்டர் நடையில் ரஷ்யாவின் செர்கே கிர்தியாப்கின் 54 விநாடி முன்னால் வந்து தங்கம் எடுத்தார். ஆஸ்திரேலியாவின் ஜாரெட் டாலன்ட் வெள்ளி. கிர்தியாப்கினின் உயிரியல் கடவுச்சீட்டில் கோளாறு தெரிந்தது. ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2009க்கும் 2012க்கும் இடைப்பட்ட முடிவுகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி ரத்து செய்து, லண்டன் தங்கத்தைத் தொடாமல் விட்டது. இதை எதிர்த்து சர்வதேசத் தடகளச் சம்மேளனம் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஜூன் மாதம் மெல்பர்னில் டாலன்டின் கழுத்தில் தங்கம் ஏறியது. சம்மேளனம் மேல்முறையீடு செய்யாமல் இருந்திருந்தால் ரஷ்ய அமைப்பின் தீர்ப்பே நின்றிருக்கும். உங்கள் வழக்கில் தேசிய அமைப்பின் தீர்ப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தடையின் நீளத்தை அல்ல, முடிவுகள் ரத்தாகும் தேதிகளைத்தான். தடை எத்தனை ஆண்டானாலும், ரத்துப் பட்டியலில் உங்கள் போட்டியின் தேதி இல்லையென்றால் பதக்கம் நகராது.

லண்டன் பெண்கள் 1500 மீட்டரில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் தலை சுற்றும். முதலில் வந்தவர் துருக்கியின் அஸ்லி சகிர் அல்ப்தெகின், இரண்டாவது அவருடைய நாட்டுக்காரர் கம்சே புலுத், மூன்றாவது பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால். 2015ல் முதலாமவர் தங்கத்தை இழந்தார். 2017ல் இரண்டாமவர் வெள்ளியை இழந்தார். ஜமால் தங்கத்துக்கு ஏறினார். நான்காவதாக வந்த ரஷ்யாவின் தத்யானா தொமஷோவா வெள்ளிக்கு நகர்ந்தார். 2024 செப்டம்பரில் அந்தத் தொமஷோவாவுக்கும் பத்தாண்டுத் தடை வந்து முடிவு ரத்தானது. ஐந்தாவதாக வந்த அபேபா அரெகாவி வெள்ளிக்கும், ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ஷானன் ரௌபரி வெண்கலத்துக்கும் வர வழி திறந்தது. ஓடி முடித்துப் பன்னிரண்டு ஆண்டு! இதில் ஒரு கேள்வியைக் கமிட்டி தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்: 2017க்குள் இருவர் போன ஓட்டத்தில், மேலே ஏற்றப்போகிறவர்களின் எல்லாப் பழைய தரவுகளையும் ஒரே மூச்சில் அலசி முடித்திருந்தால் ரௌபரிக்கு எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும்?

பறித்த பதக்கம் தானாக அடுத்தவருக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நிர்வாகக் குழு ஒவ்வொரு பெயரையும் தனியாகப் பார்க்கும். சிட்னி 2000ல் அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரியன் ஜோன்ஸ் வென்ற ஐந்து பதக்கங்களும் 2007 டிசம்பரில் பறிக்கப்பட்டன. 200 மீட்டரில் விஷயம் எளிது: பஹாமாஸின் பாலின் டேவிஸ்-தாம்சன் 22.27 விநாடியில் ஓடித் தங்கத்துக்கு ஏறினார். 22.28ல் ஓடி வெண்கலம் வாங்கிய இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெள்ளி. ஜமைக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். சுசந்திகாவுக்கும் தங்கத்துக்கும் நடுவே நின்றது விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த வெள்ளி முடிவாவதற்கு 2009 டிசம்பர் ஆகிவிட்டது.

100 மீட்டரில் நிலைமை வேறு. ஜோன்ஸுக்கு அடுத்து வந்த கிரீஸின் கத்ரினா தானு 2004 ஏதென்ஸ் தொடக்கத்தின்போது ஊக்கமருந்துச் சோதனைக்கு வராமல் போய்ப் பெரும் சர்ச்சையில் சிக்கியவர். அவருக்குத் தங்கம் தர நிர்வாகக் குழு மறுத்தது. அவர் வெள்ளியிலேயே நின்றார். ஜமைக்காவின் தய்னா லாரன்ஸ் வெண்கலத்திலிருந்து வெள்ளிக்கு வந்தார். நான்காவதாக வந்த, அப்போது 40 வயதான மெர்லின் ஒட்டிக்கு வெண்கலம் கிடைத்தது. தங்கம் இன்றுவரை காலி. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிட்னி சைக்கிள் வெண்கலத்தைப் பறித்தபோதும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். என் கணிப்பில் தானு விஷயத்தில் கமிட்டி எடுத்தது நல்ல முடிவு. ஆனால் எந்த அளவுகோலில் இந்த முடிவு, எந்த அளவுகோலில் மற்றது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் நம்பிக்கை கூடும்.

இந்தியாவுக்கு நேரடியாகப் பட்ட ஒரு வழக்கும் உண்டு. லண்டனில் 60 கிலோ மல்யுத்தத்தில் யோகேஷ்வர் தத் வெண்கலம் வென்றார். வெள்ளி ரஷ்யாவின் பெசிக் குதுகோவுக்கு. குதுகோவ் 2013 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். 2016ல் அவருடைய மாதிரியில் ஸ்டீராய்டு தெரிந்ததாகச் செய்தி வந்ததும் வெள்ளி யோகேஷ்வருக்கு என்று இங்கே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. யோகேஷ்வரோ, அந்தப் பதக்கம் குதுகோவின் குடும்பத்திடமே இருக்கட்டும் என்றார். அவர் சொன்னதால் வெள்ளி நகராமல் போகவில்லை. இறந்தவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாது, பி மாதிரியைக் கேட்க முடியாது. எனவே கமிட்டி நடவடிக்கையை முடித்துக்கொண்டது, முடிவு அப்படியே நின்றது. வீரர் உயிரோடு இல்லாத வழக்கில் இந்தச் சேவை வேலை செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தொடர் ஓட்டங்களில் விதி வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது. ஜோன்ஸோடு சிட்னியில் ஓடிய அமெரிக்கப் பெண்களின் பதக்கங்களையும் கமிட்டி பறித்தது. ஆனால் ஒருவர் தவறால் முழு அணியும் பதக்கம் இழக்கும் என்று 2000ல் இருந்த விதி தெளிவாகச் சொல்லவில்லை என்று 2010ல் நடுவர் மன்றம் அதை மாற்றியது. அவர்கள் பதக்கத்தை வைத்துக்கொண்டார்கள். அதே சிட்னியின் ஆண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் அன்டோனியோ பெட்டிக்ரூ தானே வாக்குமூலம் கொடுத்ததால் அமெரிக்க அணி முழுவதும் தங்கத்தை இழந்தது. இன்றைய நிலையில் தடகளத் தொடர் ஓட்டத்தில் ஒருவர் மாட்டினால் அணியே போகும். பெய்ஜிங் 2008ன் 4x100ல் நெஸ்டா கார்ட்டரின் மறுசோதனை மாதிரியில் மெத்தில்ஹெக்ஸேனமீன் தெரிந்து, 2017 ஜனவரியில் உசைன் போல்ட் உட்பட ஜமைக்கா அணியே தங்கத்தை இழந்தது. டிரினிடாட் டொபாகோ தங்கத்துக்கும் ஜப்பான் வெள்ளிக்கும் பிரேசில் வெண்கலத்துக்கும் ஏறின.

பெட்டிக்ரூ வழக்கின் மறுபக்கம் நைஜீரியா. வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு ஏறிய அணி அது. கமிட்டி அமெரிக்காவின் தங்கத்தைப் பறித்தது 2008 ஆகஸ்டில். நைஜீரியாவுக்குத் தங்கம் என்று முடிவெடுத்தது 2012 ஜூலையில். நடுவில் நான்கு ஆண்டு. அந்த அணியில் ஓடிய சண்டே பாடா 2011 டிசம்பரில் இறந்துவிட்டார். தாமதம் என்று நாம் சொல்லும்போது அதன் விலை இதுதான்.

குழுப் போட்டிகளில் தரவரிசையைத் திருத்தும் கணக்கும் சிக்கலானது. பெய்ஜிங் 2022 குழு ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ரஷ்ய ஒலிம்பிக் அணி 74, அமெரிக்கா 65, ஜப்பான் 63, கனடா 53 புள்ளி. கமிலா வலியேவாவின் 2021 டிசம்பர் 25 மாதிரியில் டிரைமெட்டாசிடின் தெரிந்ததால் 2024 ஜனவரி 29ல் நடுவர் மன்றம் அவருடைய முடிவுகளை ரத்து செய்தது. இரண்டு ஆட்டங்களிலும் முதலிடம் என்பதால் அவர் சேர்த்தது 20 புள்ளி. சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் அந்த 20ஐக் கழித்து, ரஷ்யாவை 54ல் நிறுத்தி வெண்கலம் கொடுத்தது. கனடாவின் மேடலின் ஷிசாஸ் இரண்டு ஆட்டங்களிலும் மூன்றாவது. வலியேவாவை வரிசையிலிருந்தே நீக்கினால் ஷிசாஸ் இரண்டிலும் ஒரு படி ஏறி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கூடுதலாகப் பெறுவார்; கனடா 55 ஆகும், வெண்கலம் கனடாவுக்குப் போகும். சம்மேளனம் அப்படி மற்றவர்களை ஏற்றவில்லை. கனடாவின் மேல்முறையீட்டை 2024 ஆகஸ்ட் 2ல் நடுவர் மன்றம் நிராகரித்தது. ஓட்டப்பந்தயத்தில் ஒருவரை நீக்கினால் பின்னால் வந்தவர் ஓரிடம் ஏறுகிறார், இங்கே ஏறவில்லை. சட்டப்படி சம்மேளனத்தின் பக்கம் விதி இருக்கலாம், ஆனால் பயனாளியின் கண்ணுக்கு இது குறைபாடுதான். குழுப் போட்டி நடத்தும் எல்லாச் சம்மேளனங்களும் தகுதிநீக்கத்துக்குப் பின் புள்ளியை எப்படி மறுபடி கணக்கிடுவோம் என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

இனி ஒப்படைப்பு. பழைய காலத்துக்கு இரண்டு மதிப்பெண்ணே அதிகம். ஏதென்ஸ் 2004 ஆண்கள் குண்டு எறிதல் பழைய ஒலிம்பியா மைதானத்திலேயே நடந்தது. உக்ரைனின் யூரி பிலோனோகும் அமெரிக்காவின் ஆடம் நெல்சனும் ஒரே தூரம், 21.16 மீட்டர். இரண்டாவது சிறந்த எறிதல் யாருடையது என்று பார்த்துத் தங்கத்தைப் பிலோனோகுக்குக் கொடுத்தார்கள். 2012 டிசம்பரில் மறுசோதனையால் அவர் தகுதிநீக்கம் ஆனார். நெல்சனுக்குத் தங்கம் 2013ல் வந்து சேர்ந்தது, அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடத்தில். கீதம் இல்லை, மேடை இல்லை, பார்வையாளர் இல்லை. பயணிகள் தட்டோடு கடந்துபோகும் இடத்தில் ஓர் அதிகாரி கையில் கொடுத்துவிட்டுப் போனார். 2016ல் யூஜின் நகரில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின்போதுதான் அவருக்கு முறையான விழா நடந்தது.

2018 மே மாதம் நிர்வாகக் குழு ஒப்புக்கொண்ட விதி இதை மாற்றியது. பயனாளி ஆறு வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம்: அடுத்த ஒலிம்பிக், இளையோர் ஒலிம்பிக், லோசானில் உள்ள தலைமையகம் அல்லது ஒலிம்பிக் அருங்காட்சியகம், தேசிய ஒலிம்பிக் கமிட்டியின் விழா, சம்மேளனத்தின் போட்டி, அல்லது தனிப்பட்ட நிகழ்ச்சி. தேர்வு வீரருடையது என்பதுதான் இந்த விதியின் உயிர். இதனால் ஒப்படைப்புக்கு இப்போது ஏழு தரலாம்.

கனடாவின் பளுதூக்கும் வீராங்கனை கிறிஸ்டின் ஜிரார் 2018 டிசம்பரில் ஒட்டாவாவில் இரண்டு பதக்கங்களை ஒரே நாளில் வாங்கினார்: லண்டன் 63 கிலோ தங்கம், பெய்ஜிங் வெண்கலம். லண்டனில் அவர் வாங்கியது வெண்கலம், பெய்ஜிங்கில் நான்காமிடம். சொந்த ஊர்க்காரர்களும் பயிற்சியாளரும் குடும்பமும் வர வேண்டும் என்றால் தேசிய விழாதான் நல்ல தேர்வு. அடுத்த ஒலிம்பிக் என்றால் கூட்டம் பெரிது, காத்திருப்பும் பெரிது. 2024 ஆகஸ்ட் 9ல் பாரிஸில் ஐஃபில் கோபுரத்துக்கு எதிரே ட்ரோகாடெரோவில் அமைத்த சாம்பியன்ஸ் பார்க்கில் ஒரு தொகுதிப் பதக்கங்களைக் கொடுத்தார்கள். லண்டன் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 0.07 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்ட லஷிண்டா டெமஸ் அங்கே தங்கம் வாங்கினார். அவரை முந்திய நதாலியா அந்தியுக்கின் முடிவு மாஸ்கோ ஆய்வகத்தின் கணினித் தரவுகளை வைத்து 2022ல் ரத்தானது. சிட்னி 200 மீட்டர் வெண்கலத்துக்காக பெவர்லி மக்டொனால்டும் அதே மேடைக்கு வந்தார், 24 ஆண்டு கழித்து. ஓய்வு பெற்று நெடுநாள் ஆனவருக்கு அடுத்த ஒலிம்பிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். முடிவு வந்த ஆண்டிலேயே சம்மேளனத்தின் உலகப் போட்டி வந்தால் அதுவே மேல்.

தடகளச் சம்மேளனம் இந்த விஷயத்தில் முன்னோடி. 2017 லண்டன் உலகப் போட்டியில் முழு மைதானம் பார்க்க, பழைய பதக்கங்களைக் கொடுத்தது. 2011 டேகு உலகப் போட்டியின் ஹெப்டத்லானில் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்த பிரிவு) தத்யானா செர்னோவாவிடம் தோற்றதாகப் பதிவான ஜெசிகா எனிஸ்-ஹில் அங்கே சொந்த ரசிகர்கள் முன் தங்கம் வாங்கினார். நம் பக்கத்தில் அஞ்சு பாபி ஜார்ஜின் கதை தெரியும்: 2005 மொனாக்கோ உலகத் தடகள இறுதிப் போட்டியில் நீளம் தாண்டலில் அவர் வாங்கிய வெள்ளி, தத்யானா கோத்தோவாவின் தகுதிநீக்கத்தால் 2014ல் தங்கமானது.

ஆசிய விளையாட்டிலும் இது நடக்கிறது. 2018 ஜகார்த்தாவில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், லால்குடி பகுதியைச் சேர்ந்த ஆரோக்ய ராஜீவ் ஓடிய இந்திய அணி 3 நிமிடம் 15.71 விநாடியில் வெள்ளி வென்றது. பஹ்ரைனின் கெமி அதெகோயா ஸ்டானோசலோலில் பிடிபட்டு 2020 ஜூலையில் தடை பெற்றதும் இந்தியா தங்கத்துக்கு ஏறியது. பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்த அனு ராகவன் வெண்கலம் பெற்றார். இரண்டு ஆண்டுக்குள் முடிந்தது, பரவாயில்லை ரகம்.

உங்கள் வீட்டிலோ உங்கள் பயிற்சி மையத்திலோ இப்படி ஏறப்போகிற ஒருவர் இருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். தீர்ப்பு வெளியான அன்றே தேசிய ஒலிம்பிக் சங்கத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள், சம்மேளனத்துக்கு நகல் அனுப்புங்கள். அதில் போட்டியின் பெயர், தேதி, அப்போது கிடைத்த இடம், தகுதிநீக்கம் ஆனவர் பெயர், ரத்துத் தேதிகள் எல்லாம் இருக்கட்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும் நாளைக் குறித்துவைத்து, அடுத்த வாரமே தரவரிசை திருத்தப்பட்டதா என்று கேளுங்கள். திருத்திய அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசு ரொக்கப் பரிசிலோ வேலைவாய்ப்பிலோ பதக்கத்துக்கான வித்தியாசத்தைக் கோரும்போது அது இல்லாமல் கோப்பு நகராது. முதல் எட்டு இடங்களுக்கு ஒலிம்பிக் சான்றிதழ் உண்டு, அதனால் ஒன்பதாவதாக வந்தவரும் விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே பதக்கம் வைத்திருப்பவர் அதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, பெட்டி, சான்றிதழோடு பத்திரமாக வையுங்கள்.

பிடிபட்டவர் பழைய பதக்கத்தைத் தராவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். விதிப்படி அவர் பதக்கம், சான்றிதழ், பதக்க ஊசி மூன்றையும் தன் தேசிய கமிட்டி வழியாகத் திருப்ப வேண்டும்; பலர் திருப்புவதில்லை. உங்கள் பதக்கம் அதை நம்பி இல்லை. அந்தப் போட்டியின் அதே வடிவப் பதக்கமே வர வேண்டும். லண்டன் பதக்கம் என்றால் 85 மில்லிமீட்டர் அகலம், 7 மில்லிமீட்டர் கனம், விளிம்பில் போட்டிப் பிரிவின் பெயர். வாங்கியவுடன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். கீதம் உண்டா, யார் அணிவிப்பார், அணியில் ஓடிய எல்லோருக்கும் பயணச்சீட்டு உண்டா என்பதை விழாவுக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருவேளை தூதஞ்சலில் அனுப்பலாமா என்று கேட்டால், ஆறு வழிகளின் பெயரைச் சொல்லி, அவற்றில் ஒன்றைத்தான் தேர்வு செய்கிறோம் என்று பதில் எழுதுங்கள்.